வீமனுக்குப் பிறகு

நான் ஏ.எல். படிப்போடு நின்று, தொழிற்சாலையில் வேலை செய்பவன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

2008 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது உழவு இயந்திரத்தில் ஆட்களுக்கே இடமில்லை. எங்கட நாய் வீமன் பரந்தன் சந்திமட்டும் பின்னால் ஓடி வந்தது. பிறகு காணவில்லை. இனி நாயே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

போன வருடம் மகளின் ஆய்க்கினை தாங்காமல், இங்கே சுவிசில் ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போனோம். யாரோ கைவிட்ட பெட்டை நாய் ஒன்று. வீட்டை வந்து பார்த்து, ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் தந்தார்கள். மைக்ரோசிப், பதிவு, நாய் வரி எல்லாம் உண்டு. எனக்கு எங்கட அகதி விசாரணைதான் ஞாபகம் வந்தது!

மூன்று கிழமை மேசைக்குக் கீழேயே கிடந்தது. நாங்கள் இழுக்கவில்லை, சாப்பாட்டை வைத்துவிட்டு விலகியிருந்தோம். ஓகஸ்ட் 1, சுவிஸ் தேசிய தினம். வாணவெடிச் சத்தத்துக்கு அது நடுங்கியது. எனக்கும் அந்தச் சத்தம் ஆகாது. நானும் கீழே போய்ப் பக்கத்தில் படுத்தேன். அன்றுதான் முதன்முதலாக என் கையில் தலை வைத்தது.

வீமனின் இடம் வீமனுக்குத்தான். ஆனால் அந்தக் கவலைக்காக இன்னொரு உயிருக்கு இத்தனை காலம் கதவைப் பூட்டி வைத்தது என் பிழை. எங்களுக்கும் யாரோ கதவு திறந்தபடியால்தானே இங்கே இருக்கிறோம்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.