ஐம்பது லட்சத்துக்கு ஒரு நாற்காலி

(2019 டிசம்பரில், ஊராட்சித் தேர்தலுக்கு வேட்புமனுத் தாக்கல் நடந்துகொண்டிருந்த நாட்களில், கடலூர் மாவட்டத்துச் சந்தைத் திடல் ஒன்றில் ஆற்றிய பேச்சு)

பந்தலுக்குள் வர மனமில்லாமல் டீக்கடை ஓரத்திலேயே நின்றுகொண்டு, ‘இவன் என்னதான் பேசிவிடப் போகிறான், பார்ப்போம்’ என்று காது கொடுத்துக்கொண்டிருக்கும் எதிர்த்தரப்பு நண்பர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன்.

காந்தியடிகளின் நூற்றைம்பதாவது ஜயந்தி வருஷம் இது என்பதை முன்னிட்டு, கிராம சுயராஜ்யம் என்ற விஷயத்தைப் பற்றிச் சாந்தமாகப் பேசிவிட்டுப் போகும்படி நண்பர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நானும் அப்படியே செய்வதாகத்தான் உத்தேசித்திருந்தேன். ஆனால் பண்ருட்டி வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கும், துணைத் தலைவர் பதவி 15 லட்சம் ரூபாய்க்கும் ஏலம் போய்விட்டதாகப் பத்திரிகைகளில் செய்தியைப் படித்த பிற்பாடு, சாந்தம் என்னிடம் தங்க மறுத்துவிட்டது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று கோயில் வாசலில் நின்று பதவியைக் கூவி விற்கிற காலத்தில் காந்தியடிகளுக்கு ஜயந்தி ஒரு கேடா?

இந்த ஏலத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். ஊராட்சித் தலைவருக்குச் சர்க்கார் கொடுக்கிற மதிப்பூதியம் மாதம் ஆயிரம் ரூபாய். ஐந்து வருஷம், அறுபது மாதம், ஆக மொத்தம் 60 ஆயிரம் ரூபாய். ஏலம் எடுத்த புண்ணியவான் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது 50 லட்சம். கழித்துப் பாருங்கள்: 49 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் துண்டு விழுகிறது. அந்த 49 லட்சத்து 40 ஆயிரம் எங்கிருந்து வரும்? அவருடைய மாமனார் வீட்டிலிருந்து வருமா? வானத்திலிருந்து உதிருமா? உங்கள் தெருவில் போடப்போகிற சிமெண்டுச் சாலையின் கனத்திலிருந்து வரும். நூறு நாள் வேலைக்குப் போகிற கிழவியின் வருகைப் பதிவேட்டிலிருந்து வரும். வீடு கட்ட அனுமதி கேட்டு ஒருவன் நீட்டுகிற வரைபடத்திலிருந்து வரும். மேல்நிலைத் தொட்டிக்கு வாங்குகிற மோட்டாரிலிருந்து வரும்.

‘தலைவர் பதவிக்குத்தான் இந்த விலை, துணைத் தலைவர் என்ன பாவம் செய்தார், அவருக்கு எதற்கு 15 லட்சம்?’ என்று சிலர் வெகுளியாகக் கேட்கிறார்கள். ஐயா, ஊராட்சிப் பணத்தை எடுக்கிற காசோலையில் தலைவர் ஒருவர் கையெழுத்து மட்டும் செல்லாது. துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும் என்பது 1994ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டம். ஒருவர் தவறினால் மற்றவர் தடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சட்டம் செய்தவர்கள் வைத்த பூட்டு அது. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? பூட்டுக்குத் தனி விலை, சாவிக்குத் தனி விலை என்று இரண்டையும் ஒரே நாளில் விற்றுவிட்டார்கள்! இன்னொன்றும் கவனியுங்கள். துணைத் தலைவரை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னும் தேர்தலே நடக்கவில்லை. உறுப்பினர் யார் யார் என்பதே தெரியாது. ஆனால் அவர்கள் போடப்போகிற ஓட்டு இன்றைக்கே விற்றாகிவிட்டது. பிறக்காத பிள்ளைகளின் நாக்கை அறுத்துவைக்கிற சாமர்த்தியம் வேறு எந்த தேசத்தில் உண்டு?

இதற்குச் சமாதானம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘தேர்தல் வந்தால் ஊர் இரண்டுபடும், ஏலம் விட்டால் ஒற்றுமை’ என்கிறார் ஒருவர், அதாவது ஊரில் எல்லோர் வாயையும் தைத்துவிட்டால் சண்டை இருக்காது என்கிறார். ‘பணம் அம்மன் கோயில் திருப்பணிக்குத்தானே போகிறது’ என்கிறார் இன்னொருவர். திருட்டுப் பணத்தில் கும்பாபிஷேகம் செய்யும்படி எந்த அம்மன் இவர் கனவில் வந்து கேட்டாளோ தெரியவில்லை. நேற்று இதே திடலில் பேசிய பெரியவர் ஒருவர், அவர் நீண்ட அனுபவசாலி, எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதற்கு முதல் மாதமே அந்தக் கட்சியில் சேர்ந்துவிடுகிற தீர்க்கதரிசி, அவர் சொன்னாராம்: ‘ஏரி மீனை ஏலம் விடுகிறோம், புளிய மகசூலை ஏலம் விடுகிறோம், இதையும் விட்டால் என்ன?’ என்று. புளிய மகசூலை எடுத்தவன் புளியை உலுக்கிக்கொண்டு போவான், ஐயா. மரம் ஊருக்கு மிஞ்சும். இங்கே ஏலம் எடுத்தவன் மரத்தையும், மரம் நிற்கிற இடத்தையும், நிழலுக்கு ஒதுங்கிய உம்மையும் சேர்த்தல்லவா எடுத்துக்கொண்டு போகிறான்!

எல்லாம் பணத்தாசை என்று சொல்லி முடித்துவிடலாமென்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் வட்டிக்குக் கடன் வாங்கியாவது, நிலத்தை அடமானம் வைத்தாவது, போட்ட முதல் திரும்பாது என்று தெரிந்தேகூட இந்த நாற்காலியை வாங்க வருகிறவர்கள் உண்டு. கைராசியும் நாணயமும் உள்ள வியாபாரி எவனும் செய்யாத காரியம் இது. நாலு பேர் எழுந்து நிற்க வேண்டும், ‘தலைவரே’ என்று கூப்பிட வேண்டும், தான் கையெழுத்துப் போடாமல் எந்தக் காரியமும் நகரக்கூடாது, தாசில்தார் ஊருக்கு வந்தால் தன் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார வேண்டும் என்கிற தாகம் இருக்கிறதே, அது பணத்தாசையைவிட ஆழமான வியாதி. பணம் அதற்கு மருந்துச் செலவு மாத்திரமே.

அந்த வியாதி கண்ட ஒருவரை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஹோமியோபதி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவர். சாதி பார்க்கமாட்டார், நேரம் பார்க்கமாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார், கொடுக்காதவர்களிடம் கேட்கமாட்டார். அப்படிப்பட்ட நல்ல மனுஷரை, 1996ஆம் வருஷத் தேர்தலில் ஜனங்களே வற்புறுத்தி நிறுத்தி, சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கவும் வைத்துவிட்டார்கள். செய்த தவறு அதுதான். முதலில் சைக்கிளில் ‘தலைவர்’ என்று எழுதினார். பிறகு பம்பு செட்டில் எழுதினார். மகள் கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது, அத்தனை இடத்தில் ‘தலைவர்’. சிரிக்கிறீர்கள், நாங்களும் அப்போது சிரித்தோம். பிறகு வாக்காளர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, தனக்கு ஓட்டுப் போட்டிருக்கமாட்டார்கள் என்று சந்தேகப்பட்ட பெயர்களுக்கு நேரே சிவப்புப் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். கீழத்தெருவில் விளக்கு எரியவில்லை. ஒரு ராத்திரி, ஜுரம் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தெருவிலிருந்து ஒரு தாய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். மாத்திரைப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அந்த மகானுபாவர் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? ‘உங்க தெருவிலே எனக்கு எத்தனை ஓட்டு விழுந்தது, தெரியுமா?’

இத்தனைக்கும் அவர் ஒரு பைசா லஞ்சம் வாங்கியவரில்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். 2001இல் தோற்றார், ஊராட்சி முத்திரையைக் கொடுக்க மனமில்லாமல் வேட்டி மடிப்பிலேயே சொருகிக்கொண்டு திரிந்தார், எழுத்தர் பலமுறை நடந்து, கடைசியில் அவர் சம்சாரத்திடம் கெஞ்சித்தான் வாங்கினார். காசு வாங்காத, காசு கொடுக்காத, பரோபகாரியான ஒரு மனுஷரையே இந்த நாற்காலி இப்படி ஆக்கிவிட்டதென்றால், 49 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் பாக்கியை மனசில் சுமந்துகொண்டு அதில் வந்து உட்காருகிறவன் குழந்தையின் ஜுரத்தைப் பற்றி என்ன கேட்பான்?

சிரித்தது போதும். பதவி தனக்குக் கிடைத்தால் ஊரை விற்கிறவர்கள், தனக்குக் கிடைக்காது என்றால் என்ன செய்வார்கள் என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் என்ற ஊராட்சிகளைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய ஒரே காரணத்துக்காக, 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. மனுப் போட ஆளில்லை, போட்டவரையும் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். அப்படியே ஒதுக்கிய மேலவளவு ஊராட்சியில், தடைகளையெல்லாம் மீறித் தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்த முருகேசனை, 1997 ஜூன் 30ஆம் தேதி பட்டப்பகலில், மதுரையிலிருந்து திரும்பிவந்த பஸ்ஸை மறித்து, அவரோடு மேலும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஆறு உயிர்! எதற்காக? மாதம் ஆயிரம் ரூபாய்க்கா? அந்த வழக்கில் ஆயுள் தண்டனை அடைந்தவர்களில் 13 பேரைச் சென்ற மாதம்தான் முன்கூட்டியே விடுதலை செய்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்தத் தேர்தல் அறிவிப்பும் அந்த விடுதலையும் ஒரே பருவத்தில் வந்ததை யாரும் கவனிக்கவில்லையா, அல்லது கவனித்தும் வாய் மூடிக்கொண்டிருக்கிறோமா?

இந்த மாதத்திலேயே, விருதுநகர் மாவட்டத்தில், தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசி முடிப்பது நியாயமா என்று எழுந்து கேட்ட படித்த இளைஞர் ஒருவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். ஒற்றுமை, ஒற்றுமை என்றீர்களே, இதுவா உங்கள் ஒற்றுமை? கேள்வி கேட்டவன் செத்தால் ஊர் ஒற்றுமையாகிவிடுமா? டீக்கடை நண்பர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்! பதில் சொல்ல வேண்டாம், டீயைக் குடியுங்கள்.

உத்திரமேரூரைச் சொல்லாமல் ஊராட்சியைப் பற்றிப் பேசினால் தமிழ்நாட்டு மேடையில் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதால் நானும் சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டு, குடவோலை, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்துக்குள் சிறுபிள்ளை கையை விட்டுப் பெயர் எழுதிய ஓலையை எடுத்த கதை எல்லாம் உங்களுக்குத் தெரியும். அது பிராமணர்களுக்கு மாத்திரம் உரிய சபை என்பதையும், சொந்த நிலமில்லாதவன் கிட்டவே வர முடியாது என்பதையும் நம் பேச்சாளர்கள் விழுங்கிவிடுவார்கள்; நான் விழுங்கவில்லை. ஆனால் அந்தக் கல்லில் ஒரு நிபந்தனை இருக்கிறது: முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது, அவன் மட்டுமல்ல, அவன் உறவினரும் வரக்கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே, அதிகார ருசி கண்டவன் மச்சானை அனுப்புவான், மைத்துனனை அனுப்புவான் என்று தெரிந்துவைத்திருந்த மனுஷர்கள் அவர்கள். இந்த விதி ஒன்றை மாத்திரம் இன்றைக்கு அமல் செய்தால், நேற்று இதே திடலில் போட்டிருந்த மேடையில் நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்திருக்கும்.

மூன்று வருஷமாக, 2016 அக்டோபரிலிருந்து, நமக்கு ஊராட்சியே கிடையாது. தனி அலுவலர்கள் ராஜ்யம். மூன்று வருஷம் கேட்டுக் கேட்டு, கோர்ட்டு கோர்ட்டாக ஏறி வாங்கிய தேர்தல் இது. கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் என்று சட்டம் சொல்கிறது. எந்த வேட்பாளர் எந்தக் கட்சி என்று மாடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும் என்பது வேறு விஷயம். வருகிற 27, 30 தேதிகளில் தலைவருக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சீட்டு உங்கள் கையில் கொடுக்கப் போகிறார்கள். ஏலம் போன ஊரில் அந்தச் சீட்டே கிடையாது. ‘போட்டியின்றித் தேர்வு’ என்று ஒரு காகிதத்தில் எழுதி முடித்துவிடுவார்கள். ஓட்டுக்கு லஞ்சம் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. ஆனால் மனுப் போட இரண்டாவது ஆள் வராத ஊரில் அந்தச் சட்டம் யார் கையைப் பிடிக்கும்?

ஆகையால் நான் கேட்பது ஒன்றே. வேட்புமனு வாங்குவது வருகிற திங்கட்கிழமை, 16ஆம் தேதியோடு முடிகிறது. தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய். ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் 300 ரூபாய். ஐம்பது லட்சத்துக்கு எதிரே அறுநூறு ரூபாய்! ஏலம் நடந்த ஒவ்வொரு ஊரிலும் இரண்டாவதாக ஒரு மனு விழட்டும். ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்பது இருக்கட்டும், ஏலம் எடுத்தவன் வீடு வீடாக வந்து கை கூப்ப வேண்டிய அவசியமாவது அவனுக்கு ஏற்படட்டும். அறுநூறு ரூபாய்க்கு வழியில்லாமல், ஆனால் நெஞ்சில் துணிவோடு யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், ஆணானாலும் பெண்ணானாலும், வெட்கப்படாமல் முன்னால் வாருங்கள். தம்பிகள் துண்டை ஏந்திக்கொண்டு உங்களிடையே வருகிறார்கள். பத்து ரூபாயானாலும் போடுங்கள். எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கை இந்த மேடையிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி, நான் வாசித்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன். டீக்கடைப் பக்கமும் ஒரு துண்டு போகட்டும், தம்பி.