தாய்ச்சொல்லின் பின்சுவை



மூத்தோர் சொல்லையும் முதிர்ந்த நெல்லிக்கனியையும் இணைத்துப் பேசுவது தமிழர் வழக்கு. முதலில் துவர்ப்பது பின்னர் இனிக்கும் என்பர். கேட்டுப் பழகிய இப்பழமொழிக்குள் ஒரு வினா மறைந்திருக்கிறது. அந்த இனிப்பைத் தருவது எது? வயது ஏறினால் போதுமா? நரை கூடியும் பெற்றோர் சொல்லின் அருமை அறியாதார் பலர் உண்டே! இவ்வினாவுக்கு விடை காணக் காந்தியடிகளின் இளமைப் பருவம் துணை செய்கிறது. அதனை அவர் ‘சத்திய சோதனை’யில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

இராஜ்கோட்டில் பள்ளி மாணவராக இருந்தபோது, நண்பர் ஒருவரின் தூண்டுதலால் மோகன்தாஸ் மறைவாகப் புலால் உண்டார். அதனால் உடல் வலுப்பெறும், ஆங்கிலேயரை வெல்லலாம் என்பது அவர் நம்பிக்கை. ஏறத்தாழ ஓராண்டில் அப்பழக்கத்தை நிறுத்தினார். புலால் தீது என்னும் தெளிவு அப்போது வரவில்லை. தாய் தந்தையரிடம் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை, அவ்வளவே. அவர்கள் மறைந்தபின் வெளிப்படையாகவே உண்ணலாம் என்று எண்ணிக்கொண்டார். பெற்றோர் சொல் அந்நாளில் அவருக்கு ஒரு வேலி மட்டுமே.

1885-இல் தந்தையார் மறைந்தார். 1888-இல் சட்டம் பயில இலண்டன் செல்ல மகன் விரும்பினார். அங்குச் செல்லும் இளைஞர் கெட்டுப்போவர் என்று கேள்வியுற்ற அன்னை புத்லிபாய் அஞ்சினார். பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில், மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என மகன் உறுதி ஏற்ற பின்னரே விடை கொடுத்தார்.

இலண்டனில் பசி அவரைச் சோதித்தது. உப்பும் காரமும் அற்ற வெந்த காய்கறிகள் தொண்டையில் இறங்கவில்லை. எழுத்தறியாத தாயின் முன் ஏற்ற உறுதிக்கு மதிப்பு ஏது என்று நண்பர் ஒருவர் இடித்துரைத்தார். பெந்தாமின் நூலையும் படித்துக் காட்டினார். அவ்வாதத்தை மறுக்கும் ஆற்றல் அந்த இளைஞருக்கு இல்லை. கொடுத்த வாக்கை முறிக்க இயலாது என்று மட்டும் சொன்னார்.

நாள்தோறும் பல மைல் நடந்து தேடியவர், ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டார். அங்கே ஹென்றி சால்ட் எழுதிய மரக்கறி உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கினார். அதைக் கற்றபின், அன்னையின் முன் உறுதியேற்ற நாளை மனமார வாழ்த்தினார். அதுவரை வாக்குக்காகக் காத்த நெறியை அன்றுமுதல் தம் அறிவால் தேர்ந்துகொண்டார்.

வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. சொந்த அறிவு சென்று தொடும்போதுதான் பெற்றோர் சொல் இனிக்கிறது. அந்த அறிவு விளையும்வரை ஒருவனைக் காத்து நிற்பதே அச்சொல்லின் பணி. பொருள் விளங்காப் பருவத்திலேயே குழந்தைகளுக்கு ஆத்திசூடியை மனப்பாடம் செய்வித்த முன்னோரின் நோக்கமும் இதுவே எனலாம்.

சொல்லை ஆளும் கவிஞர் கருதத்தக்க செய்தி இன்னும் ஒன்று உண்டு. முட்டை புலால் ஆகாது என்று சிலர் பொருள் கூற, அதை நம்பிச் சிறிது காலம் அவரும் முட்டை உண்டார். பின்னர், உறுதிமொழிக்குத் தாய் கொண்ட பொருளே தமக்கும் பொருள் என உணர்ந்து அதனையும் விட்டார். அகராதி தரும் பொருளினும் அன்னை உள்ளத்தில் இருந்த பொருளே அவருக்குப் பெரிதாயிற்று.

1891-இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். தாயைக் காணும் ஆவலோடு பம்பாயில் இறங்கியவரிடம், அன்னை மறைந்த செய்தியைத் தமையனார் தெரிவித்தார். அயல்நாட்டில் தனித்திருப்பவர் தாங்கமாட்டார் என்று அதுவரை மறைத்து வைத்திருந்தனர். பெற்றோர் மறைந்தால் வரும் என்று சிறுவன் காத்திருந்த உரிமை வந்துவிட்டது. அதை விரும்பும் மனம்தான் மாறிவிட்டது. அந்த மாற்றத்தைக் கண்டு மகிழத் தாய் இல்லை.

தாயைப் போற்றும் பாடல்கள் பல, அவள் மறைந்த பின்னரே எழுதப்படுகின்றன. கேட்கும் செவிகள் இல்லத்தில் இன்னும் இருக்கும் பேறு பெற்றவர்கள், இரங்கற்பாவுக்கு என்று சொற்களைச் சேமித்து வைக்க வேண்டா. “அன்று நீங்கள் சொன்னது இன்று விளங்குகிறது” என்று நேரில் சொல்லிவிடலாம். அதற்கு யாப்பும் வேண்டா, அணியும் வேண்டா.