பச்சை விடைபெறும் பருவம்



கனடாவின் டொரொன்டோ பக்கம் ஆகஸ்ட் கடைசியிலும் வெயில் சுள்ளென்றுதான் அடிக்கும். ஆனால் கோடை முடிவதை வீட்டுத் தோட்டம் முன்கூட்டியே சொல்லிவிடும். பூசணி இலைகளில் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் படரும். வேலியோரம் கோல்டன்ராட் மஞ்சளாகப் பூக்கும். அதில் தேன் குடித்துத் தெம்பேற்றிக்கொண்டு, மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் மெக்சிகோ மலைக்காடுகளை நோக்கி 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்.

மரங்களுக்குப் பருவம் மாறுவது எப்படித் தெரிகிறது? பகல் குறைவதுதான் முக்கியமான அடையாளம். செப்டம்பர் 22 அல்லது 23-இல் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகிவிடும். பகல் சுருங்கச் சுருங்க, மரம் இலையின் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள தழைச்சத்தைக் கிளைக்கும் வேருக்கும் இழுத்துச் சேமிக்கிறது. பச்சை விலகியதும், இலையில் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிள் இலையின் சிவப்போ அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாவது.

தோட்டக்காரருக்கும் இது சேமிக்கும் காலம். முற்றிய தக்காளிக் காய்களை உறைபனி விழுமுன் பறித்து வீட்டுக்குள் வைத்தால், அவை மெல்லப் பழுக்கும். உதிர்ந்த இலைகளைக் குப்பையில் கொட்டாமல் பாத்திகளில் பரப்புங்கள். அவை மக்கி, அடுத்த வசந்தத்தின் செடிகளுக்கு உணவாகட்டும்.