மாட்டுக்குத் தொழுவமும் மேய்ப்பனுக்கு வீடும்

பனிக்காலத்துப் பின்னிரவு. இங்கிலாந்திலே ஒரு கமத்தின் தொழுவத்தில் தலையீற்றுப் பசு ஒன்று கன்று ஈன மாட்டாது துன்புறுகின்றது. கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடிந்து கிடக்கின்றது. கைதேர்ந்த ஒருவன் அருகில் இருந்து அக்காலை நேர்ப்படுத்திக் கன்றை வெளியே எடுப்பானாயின் தாயும் பிழைக்கும், கன்றும் பிழைக்கும். அவன் பத்து மைல் தூரத்துப் பட்டினத்தில் உறங்கிக்கொண்டிருந்தால் இரண்டையும் இழக்க நேரிடலாம். ஆகவே அத்தொழிலாளி தொழுவத்தின் அருகிலேயே குடியிருத்தல் வேண்டும் என்பது எவருக்கும் புலப்படும். ஆயினும் அவ்விடத்திலே அவனுக்கு ஒரு வீடு கட்ட அனுமதி பெறுதல் அந்நாட்டிலே எளிய காரியம் அன்று.

மாட்டுக்குக் கொட்டில் அமைப்பது அவ்வளவு கடினமன்று. 1947ஆம் ஆண்டில் நிறைவேறிய நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டம், நிலத்தில் எதனைக் கட்டுவதாயினும் அரசாங்க அனுமதி வேண்டும் என்று விதித்தது. ஆனால் நிலத்தைக் கமத்தொழிலுக்குப் பயன்படுத்துவதை அவ்விதியினின்றும் விலக்கி வைத்தது. உழுவதற்கும் மேய்ப்பதற்கும் எவரையும் கேட்க வேண்டுவதில்லை. பெரிய கமமாயின், கொட்டிலுக்கும் வைக்கோற் களஞ்சியத்துக்கும் உள்ளூர்ச் சபைக்கு முன்னறிவித்தல் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். மாடு மேய்ப்பவனின் வீட்டுக்கு மாத்திரம் இச்சலுகை இல்லை. இதற்குக் காரணம் யாது?

இரண்டு மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், இலண்டன் முதலிய நகரங்களிலிருந்து புறப்படும் வீதிகளின் இருமருங்கும் வீடுகள் நாடாப்போல நீண்டு வயல்களை விழுங்கின. அதனைத் தடுக்க 1935இல் ஒரு சட்டமும், இலண்டனைச் சுற்றிய திறந்த வெளிகளைக் காக்க 1938இல் மற்றொரு சட்டமும் வந்தன. 1955இல் மந்திரி டங்கன் சாண்டிஸ் நாடெங்குமுள்ள சபைகளுக்குச் சுற்றுநிருபம் அனுப்பி, நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கும் பொருட்டுப் பசுமை வளையங்களை வகுக்குமாறு வேண்டினார். இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அவ்வளையங்களுக்குள் அடங்கும்.

அத்தகைய நிலத்தில் எழும் வீடு, கமம் அழிந்தாலும் அழியாது. மாடுகள் விற்கப்பட்ட மறுவாரமே, நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் நல்ல விலை கொடுத்து அதனை வாங்க ஆயத்தமாக இருப்பார். 'என் தொழிலாளிக்கு வீடு வேண்டும்' என்று விண்ணப்பிக்கும் பத்துப் பேரில் உண்மைத் தேவையுள்ளவர் யார், தேவையை ஒரு சாக்காகக் கொண்டவர் யார் என்று பிரித்தறிய வேண்டிய சங்கடமே சபையின் கடுமைக்கு வேர் எனலாம்.

2012இல் வெளியாகிப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட தேசியத் திட்டமிடற் கொள்கை, நாட்டுப்புறத்திலே தனித்த வீடுகளைத் தவிர்க்கச் சொல்கின்றது. விலக்குகளுள் ஒன்று, தொழில் நடைபெறும் இடத்திலோ அதன் அருகிலோ நிரந்தரமாக வாழவேண்டிய இன்றியமையாத் தேவையுள்ள நாட்டுப்புறத் தொழிலாளியின் வீடு. பசுமை வளையத்துக்குள்ளாயின் இதுவும் போதாது. மிகச் சிறப்பான சூழ்நிலை உண்டென்றும் காட்டுதல் வேண்டும்.

அத்தேவையை எவ்வாறு அளப்பது? 2004ஆம் ஆண்டின் கொள்கையேடு ஒன்று அளவுகோல்களைத் தெளிவாக வகுத்தது. 2012இல் அது நீக்கப்பட்டபோதும் பல சபைகள் அதன் வழியை முற்றிலும் விட்டொழிக்கவில்லை. முதலாவது வினா தொழிலைப் பற்றியது. இராப்பகலாக ஒருவர் அருகில் இருந்தாலன்றி அத்தொழில் நடைபெறாதா? கறவைப் பசுக்களும் குட்டி ஈனும் செம்மறிகளும் உள்ள இடத்தில் இதற்கு விடை கூறல் எளிது; கோதுமை விதைத்தவனுக்கு அரிது. கோதுமை நள்ளிரவில் எவரையும் கூவி அழைப்பதில்லை. கள்வர் பயம் உண்டென்பது துணைக் காரணம் ஆகலாமேயன்றி, அது தனித்து நின்று வீடு பெற்றுத் தராது. தொழுவத்தில் கமரா பொருத்தி நகரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே என்று வாதிப்பாரும் உளர். கமரா கன்றின் காலை நேர்ப்படுத்துமா என்று கமக்காரர் திருப்பிக் கேட்பது நியாயமே.

அடுத்த வினா பணத்தைப் பற்றியது. கமம் மூன்று ஆண்டுகளாயினும் நடந்திருத்தல் வேண்டும். அவற்றுள் ஓராண்டாயினும் இலாபம் கண்டிருத்தல் வேண்டும் என்றது அந்த ஏடு. புதிதாகத் தொடங்குபவன் என் செய்வான்? அவனுக்குச் சில்லுகள் பூட்டிய கரவன் ஒன்றில் மூன்று ஆண்டு வாழத் தற்காலிக அனுமதி கிடைக்கும். தகர மேனியில் உறைபனி படியும் அந்தக் கூட்டுக்குள் மனைவி மக்களோடு மூன்று பனிக்காலங்களைக் கழித்து, கணக்கேடுகளைக் கொண்டுபோய்க் காட்டியபின்னரே கல்வீட்டைப் பற்றிப் பேசலாம். விலைவீழ்ச்சியினால் கணக்கு நட்டத்தைக் காட்டுமாயின் கரவனையும் அகற்ற நேரிடலாம். சட்டத்தின் நோக்கத்தை ஏற்பவரும், இவ்விடத்தில் அதன் பாரம் யாருடைய தோளில் விழுகின்றது என்பதைக் கவனியாது விடலாகாது. ஏற்கெனவே வீடுள்ள பெருங்கமக்காரனை இது வருத்துவதில்லை. வாடகைக்கு நிலம் எடுத்துச் சில மாடுகளோடு வாழ்க்கையைத் தொடங்கும் இளைஞனையே வருத்துகின்றது.

இக்கடுமைக்கு அஞ்சி மறைவழி தேடியவரும் உளர். சரே மாவட்டத்துப் பசுமை வளையத்தில் ஒரு கமக்காரர், வைக்கோற் கட்டுகளை மதில்போல அடுக்கி, அதன் நடுவே கோட்டை போன்ற மாளிகை ஒன்றை எழுப்பினார். நான்கு ஆண்டுகள் எவரும் ஆட்சேபியாவிடின் வீடு நிலைத்துவிடும் என்ற அக்காலத்து விதியை நம்பி, 2006இல் வைக்கோலை அகற்றினார். வைக்கோலை அகற்றுவதும் கட்டட வேலையின் பகுதியே என்று தீர்ப்பாயிற்று. 2016இல் மாளிகை இடிக்கப்பட்டது. இங்கிலாந்தில் அந்த நான்கு ஆண்டு 2024 ஏப்பிரில் முதல் பத்து ஆண்டாக உயர்த்தப்பட்டுவிட்டது. இச்செய்தியைக் கேட்டுச் சிரிக்காதார் இல்லை. ஆயினும் இத்தகைய தந்திரங்களால், பின்னர் உண்மையான தேவையோடு வரும் ஏழையின் விண்ணப்பமும் ஐயத்தோடு நோக்கப்படுகின்றது.

அனுமதி கிடைத்தாலும் வீட்டோடு ஒரு நிபந்தனை பிணைக்கப்படும். அவ்வட்டாரத்தில் கமத்தொழிலோ வனத்தொழிலோ செய்பவரும், இறுதியாக அத்தொழில் செய்திருந்தவரும், அவர்தம் குடும்பத்தாருமே அவ்வீட்டில் வாழலாம். பக்கிங்ஹாம் மாவட்டத்தில் 1952இல் இவ்வகை நிபந்தனையோடு இரண்டு குடிசை வீடுகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. பின்னர் அவற்றை வாங்கிய கம்பனி, அந்நிபந்தனை தெளிவற்றது, நியாயமற்றது என்று வழக்காடியது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1960இல் பிரபுக்கள் நிபந்தனை செல்லும் என்றே தீர்த்தனர்.

'இறுதியாக அத்தொழில் செய்திருந்தவர்' என்ற சொற்களைச் சற்று நிதானித்து நோக்குதல் தகும். முதுகு வளைந்து ஓய்வுபெற்ற தொழிலாளியை, வேலை முடிந்தது என்பதற்காக நிபந்தனை வெளியேற்றுவதில்லை. அவன் இறந்தபின் அவனுடைய விதவையும் அங்கேயே இருக்கலாம். எசமானின் வீட்டில் குடியிருந்து, வேலை போனால் கூரையும் போகும் நிலையில் வாழ்ந்த கமத்தொழிலாளருக்கு 1976இலேதான் பாராளுமன்றம் குடியிருப்புப் பாதுகாப்பு அளித்தது என்பதை நினைத்தால், இச்சொற்களின் பெறுமதி விளங்கும்.

நிபந்தனை பூண்ட வீட்டின் விலை, அயலிலுள்ள மற்றை வீடுகளின் விலையிலும் நன்கு தாழ்ந்து நிற்கும். அதனை நீக்கித்தருமாறு சபையிடம் கேட்கும் சொந்தக்காரர், அத்தாழ்ந்த விலைக்கே வீட்டை நெடுங்காலம், வழக்கமாக ஓராண்டளவு, விளம்பரம் செய்து, அதனை வாங்கக் கமத்தொழிலாளர் ஒருவரும் முன்வரவில்லை என்று எண்பித்தல் வேண்டும். அதுவரை அவ்வீடு தொழுவத்துக்காரனுக்கே காத்திருக்கும்.