காசிவாசி செந்திநாதையர்
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மிஷன் பாடசாலையிற் பயின்று இன்று சர்வகலாசாலையில் இருக்கும் நம்மிற் பலர் உபநிடதங்களை முதலில் ஆங்கிலத்திலேயே கண்டோம். மாக்ஸ் முல்லர் போன்றாருக்கு நாம் நன்றியுடையோம். ஆனால், வீட்டில் ஆச்சி, "பிரமமெண்டால் என்ன தம்பி?" என்று கேட்டபோது நமக்கு வாய் எழவில்லை. நாம் படித்தது ஒரு மொழி. ஆச்சி கேட்டது வேறு மொழி.

இதற்கு மருந்து நம் நாட்டவர் ஒருவரிடமே உண்டு. யாழ்ப்பாணத்து ஏழாலை தந்த செந்திநாதையர் (1848–1924) நாவலர் பெருமானின் வண்ணார்பண்ணை வித்தியாசாலையில் ஆசிரியராயிருந்தவர். பின்னர் ஏறத்தாழ 10 ஆண்டுகள் காசியில் வாழ்ந்தமையால் 'காசிவாசி' எனப்பட்டார். பிரமசூத்திரத்துக்கு நீலகண்ட சிவாசாரியார் வடமொழியில் இயற்றிய பாஷியத்தை அவர் தமிழாக்கினார். அது 1907இல் வெளிவந்தது.

அதனால் விளைந்த பயன் யாது? சங்கரர் அச்சூத்திரங்களுக்கு அத்துவிதப் பொருள் கண்டார். இராமாநுஜர் விசிட்டாத்துவிதப் பொருள் கண்டார். நீலகண்டரோ பிரமம் சிவமே என நிறுவினார். 16ஆம் நூற்றாண்டில் அப்பைய தீட்சிதர் அதற்குச் 'சிவார்க்கமணி தீபிகை' என்னும் விரிவுரை செய்தார். அதுவும் வடமொழியே. தமிழ் மட்டும் அறிந்த சைவரும் அப்பாஷியத்தைக் கற்க ஐயர் வழிசெய்தார்.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மருதானைக்கு வந்து கூடும் நாம், வாரத்துக்கு ஒரு சூத்திரமாக அந்நூலைப் படிப்போம். சூத்திரங்கள் 500க்கு மேற்பட்டவை, பத்தாண்டு செல்லும். ஐயர் காசியில் இருந்ததும் அவ்வளவு காலமே. பெரியோர்கள் ஐயந்தீர்த்துத் துணைநிற்க வேண்டுகிறோம். ஆச்சிக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.