இல்லத்தில் பிறக்கும் தலைமை
(அரக்கோணத்தில் ஆற்றிய உரை)



தலைமை பதவியால் மட்டும் வருவதன்று. இல்லத்துத் திண்ணையிலும் அது பிறக்கும்.

1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர், திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியைப் பயிலத் தொடங்கினார். அதிலுள்ள சமண சமயக் கருத்துகள் அவருக்கு விளங்கவில்லை. விளக்கம் வேண்டி அவ்வூர்ச் சமண இல்லறத்தாரை நாடிச் சென்றார். அங்கு ஓரில்லம் மாக்கோலமும் மாவிலைத் தோரணமும் கொண்டு பொலிந்தது. சிந்தாமணி படனம் நிறைவுற்ற நாள் அது! சந்திரநாத செட்டியார் முதலியோர், பிற சமயத்தவர் என விலக்காது, ஐயங்களைப் பொறுமையுடன் தெளிவித்தனர். 1887இல் அந்நூல் செம்மையாக அச்சேறியது.

அவ்வில்லறத்தார் எந்த மேடையிலும் ஏறியவரல்லர். நூலை ஓதிக் காத்தமை, வினவியவரை மதித்தமை, கைம்மாறு கருதாமை ஆகிய மூன்றுமே அவர்தம் தலைமைப் பண்புகள்.

இன்று நம் இல்லங்களில் நூல்கள் பேழையுள் உறங்குகின்றன. "மும்மணி என்பவை யாவை, தாத்தா?" என்று பேரன் வினவினால் விடை கூறுவார் யார்? நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்று சொல்லி, அவற்றின்படி வாழ்ந்தும் காட்டுபவரே அக்குடும்பத்தின் தலைவர். இவ்விழா நாளில் ஒவ்வோரில்லத்திலும் ஒரு நூலேனும் திறக்கப்படுக.

அறம் வளர்க!