சொல் திரட்டிய தலைமையமைச்சர்



இலக்கணம் எழுதிய கையாலேயே அரசாணைகளிலும் கையொப்பமிட்ட ஒருவர் செர்பிய நாட்டில் வாழ்ந்தார். சுதோயான் நோவாக்கோவிச்சு என்பது அவர் பெயர். 1842-இல் சாபாட்சு நகரிற் பிறந்த அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயரோ கோசுத்தா. கான்சுடாண்டின் என்பதன் சுருக்கம் அது. நிலைத்தவன் எனப் பொருள்படும் அவ்வயற்பெயரைக் களைந்து, அப்பொருளிலேயே தம் தாய்மொழி வேரினின்று கிளைத்த சுதோயான் என்னும் பெயரை இளமையிலேயே பூண்டுகொண்டார். இதன் அருமையை இவ்வவைக்கு விரித்துரைக்க வேண்டா.

அவர் வளர்ந்த காலத்தே செர்பிய எழுத்துலகிற் பெரும்பூசல் நடந்தது. திருச்சபையின் பழமொழி கலந்த செயற்கை நடையை விலக்கி, உழவர் வாய்மொழியையே நூன்மொழியாக்கப் பாடுபட்ட வூக்கு கராட்சிச்சு 1864-இல் வியன்னாவில் மறைந்தார். அவர் வகுத்த எழுத்துமுறைக்கு இருந்த தடை செர்பியாவில் முற்றும் நீங்கியது 1868-இல்தான். தன்மொழிக்குத் தன்னரசே தடை! வூக்கின் வழிநின்ற தானிச்சிச்சு என்னும் மொழியறிஞரிடம் பயின்றவரே நோவாக்கோவிச்சு. அகவை இருபத்தைந்து நிரம்பும் 1867-ஆம் ஆண்டிலேயே செர்பிய இலக்கிய வரலாறு எழுதினார். 1869-இல், 1741 முதல் அச்சேறிய செர்பிய நூல்கட்கு அடைவு தொகுத்தளித்தார். பள்ளியாசிரியர், நூலகத் தலைவர் என உயர்ந்து, 1873-இல் கல்வியமைச்சரானார். தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கிய 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் மீண்டும் அப்பொறுப்பிலிருந்தபோது வந்ததே.

1886-இல் உதுமானியத் தலைநகர்க்குத் தூதராகச் சென்றார். அவர் வாழ்விற் படிந்த கறை இங்கேதான். மாசிடோனிய மக்களைப் பல்கேரியர் தம்மவர் என்றனர். செர்பியரும் தம்மவர் என்றனர். அம்மக்களின் வட்டார வழக்கையும் தனித்தன்மை உணர்வையும் ஊக்கினால் பல்கேரியச் செல்வாக்குத் தேயும் என 1888-இல் நோவாக்கோவிச்சு தம் அரசுக்கு எழுதினார். அம்மொழி வாழவேண்டும் என்னும் அன்பினாலன்று. மெல்லமெல்ல அவர்களைச் செர்பியர்பால் ஈர்க்கலாம் என்னும் கணக்கினால்! தம் மொழியை உயிரெனப் போற்றியவர் பிறர் மொழியைக் கருவியாக்கினார். அவர் புலமை பெரிது. ஆயினும் இச்செயல் பாராட்டற்குரியதன்று. அம்மொழியோ 1945-இல் தனக்கென வரையறுத்த நெடுங்கணக்கைப் பெற்றுத் தனித்தே நின்றது.

1895-96-இல் ஒருமுறை தலைமையமைச்சராக இருந்த அவரை, இக்கட்டான வேளையில் நாடு மீண்டும் அழைத்தது. 1908-இல் ஆசுத்திரிய-அங்கேரியப் பேரரசு பொசுனியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கட்சிகள் ஒன்றுகூடி அமைத்த 1909-ஆம் ஆண்டு அரசுக்கு அறுபத்தாறு அகவையினரான நோவாக்கோவிச்சே தலைமை தாங்கினார். உருசியா துணைநிற்கவில்லை. அவ்விணைப்பை ஏற்கும் கசப்பான ஓலையை, மார்ச்சுத் திங்கள் 31-ஆம் நாள் அவரது அரசே விடுக்க நேர்ந்தது. 1912-இன் இறுதியில், முதுமையிலும், இலண்டன் அமைதிப் பேச்சுக்குச் செர்பியப் பேராளராகச் சென்றார்.

அரசியல் அலைக்கழித்தபோதும் சொல்லாய்வை அவர் விட்டாரல்லர். மாசிடோனியா பற்றி எழுதிய அதே 1888-இல், செர்பிய அரச கல்விக்கழகத்தில் பேரகரமுதலித் திட்டமொன்றை முன்வைத்தார். நூல் வழக்கோடு நாட்டுப்புற வழக்கையும் ஒருங்கே திரட்டவேண்டும் என்பது அதன் உயிர்க்கூறு. 1893-இல் அதற்கெனத் தனித்துறை தோன்றிற்று. 1894-இல் அவரது செர்பிய இலக்கணம் வெளிவந்தது. 1906 முதல் அக்கழகத்தின் தலைவராக விளங்கிய அவர், 1915 பிப்பிரவரியில், போர்க்காலத் தலைநகராக இருந்த நீசு நகரில் காலமானார். ஊரூராகச் சொற்களைத் திரட்டும் பணி அவர்க்குப் பின்னும் தொடர்ந்தது. அகரமுதலியின் முதன்மடலம் 1959-இல் பெல்கிரேடில் வெளிவந்தது.